இரண்டு தலையில் ஒரே வரப்பு

ஜூன் 10, திங்கள்

இன்று என் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். நோய் ஒன்றும் இல்லை, ஆராய்ச்சிக்காக. பெரிய குழாய்க்குள் படுக்க வைத்துவிட்டார்கள். உள்ளே கல்லுடைக்கிற சத்தம். ஆடக் கூடாது என்று இந்துஜா சொல்லியிருந்தாள். மூக்கு அரித்தது, ஆடவில்லை. இடுப்பு கடுத்தது, அப்போதும் ஆடவில்லை. வெளியே வந்ததும் மெஷின் ஓட்டுகிறவர், "இவ்வளவு சுத்தமா ஒரு படம் இதுவரைக்கும் வந்ததே இல்லீங்க" என்றார்.

மற்றவர்களுக்கு வராதுதான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் முதல் பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்தவள் நான்.

இந்துஜா என் மகள் வயிற்றுப் பேத்தி. மூளை ஆராய்ச்சியில் மூன்றாம் வருஷம். கோயமுத்தூர் கணபதியில் என்னோடுதான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் என் மூளையைக் காட்டினாள். வறண்ட களிமண் நிலம் போல மேடும் பள்ளமுமாக இருந்தது.

"இதுக்குள்ளயா நீங்க இத்தனை திட்டு வச்சிருக்கீங்க அம்மிச்சி?" என்றாள்.

"உனக்குன்னு தனியா ஒரு மூலை இருக்கும், தேடிப் பாரு" என்றேன்.

ஜூன் 12, புதன்

முட்டி வலி. கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே எறும்பு.

இந்துஜா செய்கிற வேலை இதுதான். ஒருத்தர் மூளை மடிப்பு இன்னொருத்தருக்கு இருக்காதாம், கைரேகை மாதிரி. அப்புறம் இரண்டு பேர் மூளையை எப்படி ஒப்பிடுவது? அதற்கு ஒரு பொது அச்சு வேண்டும். பல பேர் மூளையை எடுத்து, கசங்கிய மேல்புறத்தைக் கம்ப்யூட்டரிலேயே பலூன் ஊதுவது போல ஊதி உருண்டையாக்கி, பள்ளத்துக்குப் பள்ளம், மேட்டுக்கு மேடு பொருத்தி, எல்லாவற்றுக்கும் சராசரியாக ஒன்று செய்வார்கள். டெம்ப்ளேட் என்கிறாள். எனக்கு அச்சு என்றால்தான் வாயில் வருகிறது.

இருக்கிற அச்செல்லாம் வெளிநாட்டு ஆட்களுடையதாம், அதுவும் இளவட்டங்கள். நம் ஊர்க் கிழவிகளின் மூளையை அதில் வைத்தால் பள்ளம் பள்ளத்தில் உட்காராமல் வழுக்குகிறது. அதனால் நமக்கென்று ஒன்று செய்யப் போகிறாள். இந்த மாதத்துக்குள் முதல் பன்னிரண்டு தலை வேண்டும். அது நன்றாக வந்தால்தான் அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி வரன் பார்க்க உட்கார வேண்டியதுதான். அவள் அம்மா அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

"பன்னிரண்டு பேரா? நான் கூட்டிட்டு வர்றேன் போ" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒருத்தி வரமாட்டேன் என்கிறாள். கரண்ட் பாயும் என்கிறாள் ஒருத்தி. நினைப்பதெல்லாம் படத்தில் தெரிந்துவிடுமா என்று கேட்கிறாள் இன்னொருத்தி. அவளுக்கு என்ன பயமோ.

பெரிய தொல்லை தாலி. அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இரும்பு, நகை எதுவும் இருக்கக் கூடாது. பூங்காவில் என்னோடு நடக்கிற பங்கஜம், "நாப்பத்தெட்டு வருசமா கழட்டாததை உங்க பேத்தி படிக்கிறதுக்குக் கழட்டோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் நடக்கப் போய்விட்டாள்.

ஆகவே தாலி இல்லாதவர்களாகப் பார்த்துப் பேசினேன். இப்போது ஒன்பது பேர். எல்லாரும் என்னைப் போலத்தான், கழற்ற ஒன்றும் இல்லாதவர்கள். இந்துஜாவுக்குச் சிரிப்பு. "இது கோயமுத்தூர் அச்சு இல்ல அம்மிச்சி, கோயமுத்தூர் விதவைங்க அச்சு" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அதை எங்கேயோ குறித்துக்கொண்டாள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். வருகிறவர்களுக்குள் ரத்த சொந்தம் இருக்கக் கூடாது. அக்கா தங்கை மூளை கொஞ்சம் ஒரே ஜாடையாக இருக்கும், சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அப்படி இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் பார்த்துப் பார்த்துத்தான் சேர்க்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

இன்று மூன்று பேரைக் கூட்டிப் போனேன். போய்ப் பார்த்தால் வாசலில் மயிலாத்தாள் நிற்கிறாள். நான் கூப்பிடவில்லை. அவள் மாவுக்கடைக்கு மாவு வாங்க வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நானும் தலயக் குடுக்கலாமுன்னு வந்தனுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல் இந்துஜாவிடம்.

இந்துஜாவுக்கு ஒரே சந்தோஷம். "உங்களுக்கு அம்மிச்சியைத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

இந்துஜா என் பக்கம் திரும்பி, "சொந்தமா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு. எங்கூர்க்காரி. அவ்வளவுதான்" என்றேன்.

அவ்வளவுதான்.

அவளும் ஆடாமல் படுத்திருந்தாளாம்.

ஜூன் 22, சனி

பால் திரிந்துவிட்டது. நேற்றே காய்ச்சியிருக்க வேண்டும். எதிலும் மனம் நிற்கவில்லை. கதவைப் பூட்டினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தேன். இரண்டு முறையும் பூட்டித்தான் இருந்தது.

ஜூன் 27, வியாழன்

பன்னிரண்டு தலையும் சேர்ந்துவிட்டது. பொருத்த ஆரம்பிக்க ஒரு தலை வேண்டும். முதலில் எல்லோரையும் அதன் மேல் பொருத்துவார்களாம். யாருடையதை எடுத்தார்கள் தெரியுமா? என்னுடையதை. படம் சுத்தமாக இருக்கிறதாம். அவளுக்கு வழிகாட்டுகிற பெரியவர் ஜெபசிங் சாரே சொன்னாராம்.

மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பங்கஜத்திடமும் சொன்னேன். அவள் கேட்காதது போல நடந்தாள், ஆனால் நடை குறைந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இந்துஜா மெதுவாக ஒன்று சொன்னாள். "முதல் சுத்துக்குத்தான் அம்மிச்சி உங்க தலை. வர்ற சராசரி மேலே எல்லாரையும் மறுபடி பொருத்துவோம். அப்புறம் அதும் மேலே மறுபடியும். கடைசில உங்க சாயலே அதுல இருக்கக் கூடாது. இருந்தா அது பொது அச்சு ஆகாது."

"அப்ப என்னத்துக்கு என்னையக் கூப்பிட்டே?"

"யாராவது முதல்ல நிக்கணுமில்ல?"

ரசத்தில் உப்பு கம்மி என்றேன். ரசம் நான் வைத்ததுதான்.

ஜூலை 4, வியாழன்

இந்துஜா குதித்துக்கொண்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மிச்சி, உங்க சாயல் போக மாட்டேங்குது!"

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். தலையின் உச்சியிலிருந்து காதுப் பக்கமாக ஒரு பெரிய பள்ளம் இறங்குகிறது. எல்லா மனிதருக்கும் அது வாய்க்கால் போல ஒரே ஓட்டமாக ஓடும். எனக்கு நடுவில் ஒரு மேடு குறுக்கே நிற்கிறது. வாய்க்காலில் வரப்புப் போட்டு மடை அடைத்தது போல. இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் நூறு பேரில் ஒருத்தருக்குக் கூட இருப்பது அபூர்வம் என்றாள். சராசரி எடுத்தால் அழிந்துவிட வேண்டும். மூன்று சுற்று ஓட்டியும் அரைகுறையாக நிற்கிறதாம்.

"ஏன்னு ஒவ்வொரு தலையாப் பார்த்தேன். இன்னொருத்தருக்கும் இருக்கு, அதே இடத்துல, அதே சாய்வுல. யாருக்குன்னு சொல்லுங்க?"

நான் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன்.

"மயிலாத்தா பாட்டிக்கு! பன்னண்டு பேர்ல ரெண்டு பேருக்கு, அதுவும் சொந்தமில்லாத ரெண்டு பேருக்கு. அப்படின்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கே இது அதிகமா இருக்கலாம் அம்மிச்சி. யாருமே இதைப் பார்த்ததில்ல. சார் உடனே கட்டுரையா எழுதணுங்கறார். என் பேர் முதல்ல வரும்."

என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

ஜூலை 5, வெள்ளி

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூலை 7, ஞாயிறு

தம்பி சாமியப்பன் தாராபுரத்திலிருந்து வந்தான். தேங்காயும் நிலக்கடலையும் கொண்டு வந்தான். இந்துஜா ஞாயிற்றுக்கிழமையும் ஆராய்ச்சிக்கூடம் போய்விட்டாள். நான் எதற்கு அந்தப் பேச்சை எடுத்தேன் என்று தெரியவில்லை. மயிலாத்தாளும் தலை கொடுத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

கடலை உரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"அவள எதுக்குக்கா உள்ள விட்டே?"

"நா விடல. அவளா வந்தா."

"புள்ளைக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். நம்மம்மா சாகற வரைக்கும் வாயத் தெறக்கல. இப்ப நீ தெறந்தீனா அம்மா பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை? நம்ம வீட்டுல பொண்ணு நீ ஒருத்திதான். அதை மட்டும் நெனப்புல வெய்யி."

சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனான். போகும்போது, "அக்கா, ஆடிக்கு வந்துரு, பண்டிகை நம்மூட்டுலதான்" என்றான். கெஞ்சுவது போலவும் இருந்தது, மிரட்டுவது போலவும் இருந்தது.

ஜூலை 8, திங்கள்

எங்களைப் பெற்ற அய்யனைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அய்யனுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம் இருந்தது. சாயங்காலம் தண்ணி கட்டப் போவார். விடிந்துதான் வருவார். அம்மா சோற்றுக்குத் தட்டு போட்டு வைத்து, பிறகு அதைக் கவிழ்த்து வைப்பாள். அந்தத் தோட்டத்தில் ஒரு வீடு இருந்தது.

கையெழுத்து கோணலாகப் போகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூலை 10, புதன்

இந்துஜா ராத்திரி பகல் பார்க்காமல் எழுதுகிறாள். கண் உள்ளே போய்விட்டது. சார் அவளை வெள்ளிக்கிழமை பெரிய கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறாராம். அதற்கு முன்னால் என்னையும் மயிலாத்தாளையும் நேரில் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்கிறாராம்.

"என்ன கேள்வி?"

"சொந்தம் இல்லைன்னு உறுதிப்படுத்தத்தான் அம்மிச்சி. சும்மா வழக்கம். நம்ம பக்கம் மாமன் மகள், அத்தை மகன்னு கட்டிக்கிறதால எங்காவது மூணு தலைமுறைக்கு முன்னாடி ஒட்டியிருக்குமான்னு பார்க்கிறார். அப்படி ஏதாவது இருந்து, நாம இதை ஊருக்குச் சொல்லிட்டோம்னா நாளைக்கு வேற யாராவது செஞ்சு பார்த்து இது பொய்யின்னுருவாங்க. என் பேர்தானே முதல்ல இருக்கு."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அம்மிச்சி சொன்னால் சொன்னதுதான்.

நான் எழுந்து போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஜூலை 11, வியாழன்

மாவு வாங்கப் போவது போல மயிலாத்தாள் கடைக்குப் போனேன். போகும்போது மாவு வாங்குகிற தூக்குப் போசியை எடுக்க மறந்துவிட்டேன். அவள் கவரில் கட்டிக் கொடுத்தாள்.

"நாளைக்கு அங்க வருவீல்ல?" என்றேன்.

"வருவனுங்க. அம்மணி கூப்புட்டுச்சு."

"கேட்டாங்கன்னா..."

நான் முடிக்கவில்லை. அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எங்கள் அய்யனுக்கும் பேசப் பிடிக்காவிட்டால் அப்படித்தான் வலது புருவம் ஏறும்.

"என்ன சொல்லோணுமுன்னு எனக்குத் தெரியாதுங்களா? சின்னப்புள்ளைலருந்து சொல்லிட்டிருக்கறதுதானுங்க" என்றாள்.

நிம்மதியாக வந்திருக்க வேண்டும். ஆட்டோக்காரருக்கு இறங்க வேண்டிய தெருவை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெபசிங் சார் நாகர்கோவில்காரர், மரியாதையான மனிதர். எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். இந்துஜா பக்கத்தில் நின்றாள், புதுச் சுடிதார். கூட்டத்துக்குப் போட்டு வந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் நான் நன்றி சொல்லணும்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். ரெண்டு பேரும் ஒரே ஊர்னு இந்துஜா சொன்னா. தூரத்துச் சொந்தம் ஏதும் உண்டா?"

நான் வாயைத் திறக்குமுன் மயிலாத்தாள் பேசிவிட்டாள். "இல்லீங் சார். அவங்க பெரிய பண்ணயத்துக்காரங்க. நாங்க அவங்க தோட்டத்துல குடியிருந்தோம். சொந்தமெல்லாம் எப்புடிங்க ஆகும்?"

தடங்கலே இல்லை. தினமும் சொல்லிப் பழகிய மந்திரம் போல வந்தது. சார் சிரித்தார். இந்துஜா என்னைப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கிக் காட்டினாள், ஜெயித்துவிட்டோம் என்கிற மாதிரி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை இன்னும் அரை மணியில் நாலு பேர் முன்னால் போய் நின்று, நான் சொன்ன பொய்யைத் தன் பெயர் போட்டுச் சொல்லப் போகிறது.

"சார், அவ பொய் சொல்றா" என்றேன்.

மயிலாத்தாள் சட்டென்று என் முழங்கையைத் தொட்டாள். வேண்டாம் என்றுதான்.

"பொய்ய நாந்தான் மொதல்ல சொன்னேன். எங்கய்யனுக்குப் பொறந்தவ அவ. எனக்கு மூணு வருசம் சின்னவ. எனக்குத் தங்கச்சி."

சார் கண்ணாடியைக் கழற்றினார். இந்துஜாவை நான் பார்க்கவில்லை. சார்தான், "சொன்னது நல்லதுமா. ரொம்ப நல்லது" என்றார். அப்புறம் இந்துஜாவிடம், "இன்னைக்கு இதைப் பேச வேண்டாம். ரெண்டு பேர்ல ஒருத்தரை வெளியே எடுத்துட்டு மறுபடி ஓட்டிப் பாரு" என்றார்.

"எடுக்கறதுன்னா என்னையவே எடுத்துருங்க சார். எனக்குப் பழக்கந்தான்" என்றாள் மயிலாத்தாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் ஒருத்திதான் சிரித்தாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "என்னுதை எடுங்க" என்றேன்.

"அம்மிச்சி, உங்களுதுதான் தெளிவான படம். உங்க மேலதான் எல்லாரையும் பொருத்தியிருக்கேன். உங்களை எடுத்தா மொத்தமும் முதல்ல இருந்து செய்யணும்" என்றாள் இந்துஜா.

சார் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "செய்ய வேண்டியதுதான். இப்படி அபூர்வ மடிப்பு உள்ள தலையை முதல் அச்சா வச்சதே நம்ம தப்பு. படம் அழகா இருக்குன்னு மயங்கிட்டோம்."

அழகு என்று சொல்லி என்னை வெளியே எடுத்தவர் அந்த மனிதர் ஒருவராகத்தான் இருப்பார்.

வெளியே மர நிழலில் மயிலாத்தாள் என்னை நிறுத்தினாள். அவள் நன்றி சொல்லி என்னைக் கும்பிடுவாள் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

"மெஷினுக்கு வேணுமின்னதும் சொல்லிப்போட்டீங்க. எங்கம்மா செத்தப்ப இந்த ஒத்த வார்த்தையச் சொல்லியிருந்தீங்கன்னா, தூக்கறதுக்கு நாலு ஆளு வந்திருப்பாங்க. கூலி ஆள வச்சுத் தூக்குனேன்."

"மயிலு..."

"அப்புடியெல்லாம் கூப்புடாதீங்க. இன்னைக்கே பழகிட முடியுங்களா?"

காந்திபுரம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். எனக்கும் அதே பஸ்தான். அடுத்ததில் வந்தேன்.

ஜூலை 13, சனி

இந்துஜா நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலையில் தோசைக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்த வரப்பு மேலேயே ராத்திரி பகலா உக்காந்திருந்தேன். நீங்க இதோ இந்த அடுப்படியில இருந்து என்னைப் பார்த்துட்டே இருந்தீங்க."

"ஆமா."

"ஏன் அம்மிச்சி?"

எங்கம்மாவின் மரியாதை என்று சொல்ல வந்தேன். அது வாயில் நிற்கவில்லை. "பெருமையா இருந்துச்சு கண்ணு. என்னுதுன்னு ஒண்ணு உலகத்துக்கே தெரியப் போவுதுன்னு" என்றேன்.

தோசை கருகியது. அவளே திருப்பிப் போட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்லப் போறேன். எனக்கு இன்னொரு அம்மிச்சி இருக்காங்கன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?" கருகிய தோசையையே தட்டில் போட்டுக்கொண்டு போனாள்.

மகளிடமிருந்து கேள்விப்பட்டு மத்தியானம் சாமியப்பன் போனில் கத்தினான். ஆடிக்கு வர வேண்டாமாம். சரி என்றேன். அவன் இன்னும் கத்துவதற்கு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தான் போல, போனை உடனே வைக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

என் இடத்துக்குப் பங்கஜத்தைக் கேட்டுப் பார்த்தோம். புருஷன் முன்னால் தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். "உங்க பேத்திக்காக இல்ல, அந்தப் புள்ள மொகத்துக்காக" என்றாள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கவில்லை.

மயிலாத்தாள் கடைக்கு மூன்று முறை போனேன். மாவு கொடுக்கிறாள். பேசுவதில்லை. ஃப்ரிட்ஜ் முழுக்க மாவு. இரண்டு நாளாக இட்லி, தோசை, பணியாரம். இந்துஜா, "போதும் அம்மிச்சி, நேரா மன்னிப்புக் கேட்டுருங்க, வயிறு தாங்கல" என்கிறாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அச்சு முடிந்தது. வாய்க்கால் உச்சியிலிருந்து அடிவரை தடையில்லாமல் ஓடுகிறதாம். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் நம் ஊர்ப் பாட்டிகளின் தலை அதில் வழுக்காமல் உட்காருகிறது. ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள், இரண்டு இல்லை. இந்துஜா, "ஒண்ணு போதும், மிச்சத்தை நான் வாங்கிக்கறேன்" என்றாள்.

தலை கொடுத்தவர்களையெல்லாம் இன்று கூப்பிட்டுக் காட்டினார்கள். சின்ன அறை, ஐந்தாறு பேர்தான் உட்கார முடியும். அச்சில் இருப்பவர்கள் முதலில் என்றாள் வாசலில் இருந்த பெண். நான் அதில் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மயிலாத்தாள் மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் வந்தாள். என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போனாள். கதவில் பதித்த கண்ணாடி வழியே அவள் முதுகு தெரிந்தது. இந்துஜா அவள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு திரையில் எதையோ சுட்டிச் சுட்டிக் காட்டினாள். எனக்குக் காட்டும்போது அத்தனை பொறுமை இருந்ததில்லை. பெஞ்சில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. நேராகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். என் பெஞ்சிலேயே அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"என்ன காட்டுனாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருந்தான் அதுல இருக்கறமாமா. ஆனா யாரையும் தனியா கண்டுபுடிக்க முடியாதாமா."

"பாக்க எப்புடி இருந்துச்சு?"

அவள் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டாள். வலது புருவம் ஏறியது.

"அதெல்லாம் உள்ள வந்து பாத்தாத்தானுங்க தெரியும். வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு எப்புடிச் சொல்றது?"

சுருக்கென்று தைத்தது. பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது, நல்ல பதில். விழுங்கிக்கொண்டேன். அவள் பஸ்ஸுக்கு எழவில்லை. சொல்ல இன்னும் ஏதோ மிச்சம் வைத்திருந்தாள். சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.